வளையம் வாங்கும் முன் கணக்குப் போட்டவர் யார்?



கடந்த வாரம் எங்கள் ஆய்வகத்தின் உறிஞ்சு கோபுரத்தைப் பிரித்து, உள்ளே நிரப்பியிருந்த வெள்ளைப் பிளாஸ்டிக் வளையங்களைத் தரையில் விரித்த தாளின்மீது கொட்டினேன். அதற்கு முன் அரை மணி நேரம் நீலச் சாயம் கலந்த நீரை மேலிருந்து ஓடவிட்டிருந்தேன். கண்ணாடிச் சுவரை ஒட்டிக் கிடந்த வளையங்களில் நீலத் துளிகள் இருந்தன. நடுவில் கிடந்தவற்றுள் பலவற்றில் ஈரமே இல்லை. இரண்டு ஆண்டுகளாக அந்தக் கோபுரத்தில் கரியமில வாயுவை ஓர் அமீன் கரைசல் எவ்வளவு விரைவாக உறிஞ்சுகிறது என்று அளந்து வந்திருக்கிறேன். அந்த எண்களை, பிறர் தங்கள் கோபுரங்களில் வேறொரு அமீனுக்கு எடுத்து வெளியிட்ட எண்களோடு ஒப்பிட்டு, எங்கள் கரைசல் மந்தமானது என்று முடிவும் கட்டியிருந்தேன். கட்டுரை வரைவு ஆயத்தமாக இருக்கிறது. அதை இப்போது அனுப்ப முடியாது. மந்தமாக இருந்தது கரைசலா, நனையாத வளையங்களா என்பதை அந்தத் தரவுகளிலிருந்து பிரித்தறிய வழியில்லை.

மேற்கு இந்தியாவில் ஓர் உயர்கல்வி நிறுவனத்தில் வேதிப் பொறியியல் ஆய்வில் இருக்கிறேன். நிறுவனத்தின் பெயர் இங்கு வேண்டியதில்லை. நான் பேச வந்த நோய் அந்த ஒரு வளாகத்துக்கு மட்டும் உரியதன்று.

கொள்முதல் கோப்பைக் கேட்டு வாங்கிப் படித்தேன். தேவைக் குறிப்பு ஒரே வரி: ‘பால் ரிங், பாலிபுரொப்பிலீன், 1 அங்குலம், 40 லிட்டர்.’ மூன்று விலைப்புள்ளிகள், ஓர் ஒப்பீட்டு அட்டவணை, மிகக் குறைந்த விலைக்கு வட்டம், ஐந்து கையொப்பங்கள். அந்த ஒரு வரியை எழுதியவன் நான்தான். கோப்பின் அடியில், விலையில் தோற்றுப்போன ஒரு விற்பனையாளர் அனுப்பிய வினாப் படிவம் ஒன்றும் இருந்தது. வாயுவின் ஓட்ட அளவு, திரவத்தின் ஓட்ட அளவு, பாகுநிலை, பரப்பு இழுவிசை, நுரைக்கும் இயல்பு, கோபுரத்தின் உள்விட்டம், திரவத்தைப் பகிரும் அமைப்பு என்று பதினான்கு கட்டங்கள். நாங்கள் நிரப்பியவை மூன்று: முகவரி, அளவு, தேவைப்படும் நாள்.

ஆகவே இந்தப் பதிவு விற்பவரைக் குறைசொல்வதற்காக எழுதப்படவில்லை. அவர் கேட்டார், நாம் பதில் சொல்லவில்லை. டவர் பேக்கிங் என்று எல்லோரும் அழைக்கும் இந்த நிரப்புப் பொருளைத் தேர்ந்தெடுப்பதும், தேர்வு சரியா என்று வாங்குமுன் கணக்கிட்டுப் பார்ப்பதும் ஆய்வின் ஒரு பகுதி. அந்தப் பணியை நாம் கொள்முதல் பிரிவிடமும் விற்பனையாளரின் விவரத் தாளிடமும் ஒப்படைத்துவிட்டு, மிச்சத்தை ‘ஆராய்ச்சி’ என்று அழைத்துக்கொண்டிருக்கிறோம். இதை வெட்கக்கேடு என்றே சொல்வேன்.

பிற துறையினருக்காக ஒரு சிறு விளக்கம். கோபுரத்தின் மேலிருந்து திரவம் இறங்குகிறது, கீழிருந்து வாயு ஏறுகிறது. இரண்டும் ஒன்றையொன்று தொடும் பரப்பு பெருகினால்தான் ஒன்றிலுள்ள பொருள் மற்றொன்றுக்கு மாறும். அந்தப் பரப்பைத் தருவதற்கே வளையம், சேணம், மடித்த தகடு என்று பல வடிவங்களில் பேக்கிங் நிரப்பப்படுகிறது. திரவம் மிகக் குறைந்தால் பரப்பு நனையாது. வாயு மிக விரைந்தால் இறங்கும் திரவத்தைத் தடுத்து நிறுத்தி மேலே தள்ளும். இதைத்தான் வெள்ளநிலை என்கிறோம். கோபுரம் வேலை செய்வது இவ்விரு எல்லைகளுக்கும் இடையில்தான்.

இனி, நான் செய்திருக்க வேண்டிய கணக்கு. எங்கள் கோபுரத்தின் உள்விட்டம் 150 மி.மீ. வளையம் 25 மி.மீ. விகிதம் 6. பால் வளையங்களுக்கு இந்த விகிதம் குறைந்தது 8 முதல் 10 வரை இருக்க வேண்டும் என்பது பாடநூல்கள் தரும் நடைமுறை விதி. அதற்குக் கீழே போனால் சுவரோரம் இடைவெளி மிகுந்து திரவம் சுவரைப் பற்றி வழிந்துவிடும். நான் கண்ட நீலத் துளிகள் அந்த விதியைத்தான் படமாக வரைந்து காட்டின.

அடுத்தது நனைதல். 25 மி.மீ. பிளாஸ்டிக் பால் வளையத்தின் பரப்பு ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 206 சதுர மீட்டர். மோரிஸ், ஜாக்சன் இருவரும் 1953இல் தந்த குறைந்தபட்ச நனைதல் வீதம், இத்தகைய சிறிய வளையங்களுக்கு, ஒரு மீட்டர் நனையும் விளிம்புக்கு மணிக்கு 0.08 கன மீட்டர். இரண்டையும் பெருக்கினால் கோபுரத்தின் ஒவ்வொரு சதுர மீட்டர் குறுக்குப் பரப்புக்கும் மணிக்கு 16.5 கன மீட்டர் திரவம் வேண்டும். எங்கள் கோபுரத்தின் குறுக்குப் பரப்பு 0.0177 சதுர மீட்டர். ஆக, மணிக்கு 290 லிட்டர். எங்கள் பம்ப் தருவது 120 லிட்டர். தேவையில் பாதிகூட இல்லை. இந்தக் கணக்கைப் போட எனக்குப் பத்து நிமிடங்கள் ஆயின, இரண்டு ஆண்டுகள் கழித்து.

சிறிய வளையம் வாங்கியிருந்தால் போதுமே என்று தோன்றும். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றிற்று. 16 மி.மீ. வளையத்துக்கு விட்ட விகிதம் 9ஐத் தாண்டிவிடும், நன்று. ஆனால் அதன் பரப்பு கன மீட்டருக்கு 340 சதுர மீட்டர் அளவில் இருப்பதால், அதே விதிப்படி மணிக்கு 480 லிட்டர் திரவம் வேண்டும். ஒரு குறையை நீக்கப் போய் மற்றொன்றைப் பெருக்கிக்கொள்வோம். வெள்ளநிலையின் வரம்பும் கீழிறங்கும். பெரிய பம்ப் வாங்கலாம். அப்போது கரைசலின் தேவையும் அதைச் சூடாக்கி மீட்கும் அமைப்பின் சுமையும் ஏறும். இல்லையெனில், குறைந்த திரவத்திலும் நுண்புழைக் கவர்ச்சியால் நனையக்கூடிய கம்பிவலைப் பேக்கிங்கை வாங்கலாம். அதன் விலை பிளாஸ்டிக் வளையத்தைப்போல் பல மடங்கு. தேர்வு என்பது இப்படி ஒன்றையொன்று இழுக்கும் கட்டுப்பாடுகளுக்கு நடுவே செய்யப்படுவது. ‘1 அங்குலம், 40 லிட்டர்’ என்ற வரியில் இவற்றுள் எதுவும் இல்லை. அப்படி எழுதிவிட்டால் குறைந்த விலை வெல்வது அன்றி வேறென்ன நடக்கும்?

பிளாஸ்டிக் என்பதையும் விட்டுவிட முடியாது. ஒண்டாவும் அவருடன் உழைத்தவர்களும் 1968இல் வெளியிட்ட சமன்பாடு, நனையும் பரப்பைக் கணிக்கப் பேக்கிங் பொருளின் மாறுநிலைப் பரப்பு இழுவிசையைக் கேட்கிறது. எஃகுக்கு 75, பீங்கானுக்கு 61, பாலித்தீனுக்கு 33 மில்லி நியூட்டன்/மீட்டர். அதாவது, நீர் சார்ந்த கரைசல் பீங்கானில் பரவுவதுபோல் பிளாஸ்டிக்கில் பரவாது. முதுகலை முதல் ஆண்டில் இதை மனப்பாடம் செய்து எழுதி மதிப்பெண் வாங்கினேன். வாங்கும் பொருளோடு அதைச் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பது மட்டும் எந்தத் தேர்விலும் கேட்கப்படவில்லை.

விவரத் தாள்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மாணவர்கள் பெரிதும் ஏமாறும் இடம் இது. அதில் அச்சிட்ட எண்கள் பொய்யல்ல, பெரும்பாலும் மெய்யானவை. ஆனால் எந்த நிலைமைகளில் அவை மெய் என்பதுதான் வினா. அழுத்த வீழ்ச்சி வரைபடம் பெரும்பாலும் காற்றையும் நீரையும் வைத்து, அறை வெப்பநிலையில் எடுக்கப்பட்டது. வடிப்புக்கான திறன், அதாவது ஒரு கோட்பாட்டுத் தட்டுக்கு ஈடான உயரம், சைக்ளோஹெக்சேன்–ஹெப்டேன் போன்ற கரிமக் கலவைகளில், முழு மீள்வழிவில், நேர்த்தியான பகிர்வானின் கீழ் எடுக்கப்பட்டது. அவை எளிதில் பரவும் திரவங்கள். நீர் மிகுந்த அமைப்புகளுக்கு அந்த உயரத்தை இரட்டிப்பாக்கிக் கொள்ள வேண்டும் என்று கிஸ்டரின் வடிப்பு நூல்களைப் படித்தவர்கள் அறிவர். 50 மி.மீ. வளையத்துக்கு 0.9 மீட்டர் என்று கொண்ட உயரம், அப்போது 1.8 மீட்டர் ஆகிறது. பத்துத் தட்டுகள் வேண்டிய கோபுரம் 9 மீட்டரிலிருந்து 18 மீட்டருக்குப் போகிறது. இத்தகைய வேறுபாட்டை எந்தப் பாதுகாப்புக் காரணியும் விழுங்கிவிடாது.

பேக்கிங் காரணி என்ற எண்ணின் கதையும் இதைப் போன்றதே. 25 மி.மீ. பீங்கான் ராஷிக் வளையத்துக்குப் பழைய பாடநூல் அட்டவணையில் 155 என்றிருக்கும், பின்வந்த அட்டவணைகளில் 179 என்றிருக்கும். வரைபடத்தில் ஒரே புள்ளியை எடுத்துக்கொண்டாலும் வாயு வேகத்தில் இது ஏறத்தாழ 7 விழுக்காடு வேறுபாடு தரும். வெள்ளநிலையின் 70 விழுக்காட்டில் இயங்குவதாக நினைத்திருப்பவர் 75ஐத் தொட்டிருப்பார். இது பரவாயில்லை. இந்த எண்கள் அடிக்கு என்ற அலகில் உள்ளவை. மீட்டருக்கு என்று அச்சிட்ட தாளிலிருந்து எடுத்து அடிக்கான வரைபடத்தில் இட்டால் வேகம் 1.8 மடங்கு பிழைபடும். முதுகலை மாணவர் அறிக்கைகளைத் திருத்துகிறபோது இந்தப் பிழையை நான் ஒருமுறைக்கு மேல் கண்டிருக்கிறேன். காரணியையும் வரைபடத்தையும் ஒரே மூலத்திலிருந்து எடுக்க வேண்டும் என்ற எளிய ஒழுக்கம்கூட நம் வகுப்புகளில் கற்பிக்கப்படுவதில்லை.

நகல்களின் சிக்கல் வேறு. மெல்லாபேக் 250 ஒய் போன்ற புகழ்பெற்ற மடிதகடுகளின் வடிவைப் பின்பற்றிச் செய்யும் பலர் இந்தியச் சந்தையில் உள்ளனர். காப்புரிமை முடிந்த வடிவைச் செய்வதில் தவறேதும் இல்லை. ஆனால் தகட்டின் நுண்வரிகள், துளைகள், மடிப்பின் கோணம், தடிமன் ஆகியவை மாறினால் நனைதலும் மாறும், வலிமையும் மாறும். மூல வடிவத்துக்கு எடுத்த வரைபடத்தை நகலின் விவரத் தாளில் ஒட்டினால், அந்த வரைபடம் யாருடைய பொருளைப் பற்றிப் பேசுகிறது? ‘இந்தத் தரவு உங்கள் தொழிற்சாலையில் செய்த பொருளில், எந்த விட்டமுள்ள கோபுரத்தில், எந்தக் கலவையில் எடுக்கப்பட்டது?’ என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் அதுவும் ஒரு தகவல்தான்.

உலோகப் பேக்கிங் வாங்குவோர்க்கு இன்னொன்று. 304 என்று வாங்குவது 201 ஆக இருக்கலாம். இரண்டும் ஆஸ்டெனைட் வகை. காந்தத்தை வைத்துப் பார்ப்பதால் பயனில்லை. 316இல் இருக்க வேண்டிய 2 முதல் 3 விழுக்காடு மாலிப்டினம் இருக்கிறதா என்பதைக் கையடக்க எக்ஸ்ரே ஒளிர்வுக் கருவி ஒரு நிமிடத்தில் சொல்லிவிடும். குளோரைடு கலந்த திரவம் ஓடும் கோபுரத்தில் அந்த மாலிப்டினம் இல்லாமற்போனால், மெல்லிய தகட்டில் குழி விழ நெடுங்காலம் ஆகாது. சரக்கு வந்தபின் இந்தச் சோதனையைக் கோரினால் சண்டைதான் மிஞ்சும். கொள்முதல் ஆணையிலேயே எழுதிவிட்டால் அது நிபந்தனை. அளவும் அப்படியே. வளையங்கள் கன அளவில் விற்கப்படுகின்றன, மூட்டையில் குலுங்கி வந்தவை கோபுரத்தில் கொட்டியதும் வேறு அளவில் அமரும். 25 மி.மீ. வளையம் ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 50,000 என்ற எண்ணிக்கையையும் எடையையும் ஆணையில் சேர்த்தால், குறைவாக அனுப்பினாலும் சுவரை மெலிதாக்கி அனுப்பினாலும் தெரிந்துவிடும். என் 40 லிட்டரில் இரண்டாயிரம் இருக்க வேண்டும். தரையில் கொட்டியதை எண்ணிப் பார்த்தேன், கணக்குச் சரியாகவே இருந்தது. விற்றவர் கேட்டதைக் கேட்டபடி தந்திருக்கிறார்.

இதைத் துறைக் கூட்டத்தில் சொன்னபோது மூன்று மறுப்புகள் எழுந்தன.

விற்பவர் செயல்திறன் உத்தரவாதம் தருகிறாரே என்றார் ஒருவர். தருகிறார். அந்த உத்தரவாதத்தின் அடியில் சிறிய எழுத்தில் உள்ளதைப் படியுங்கள்: நாம் கொடுத்த ஓட்ட அளவுகளுக்கும், அவர் ஏற்ற பகிர்வானுக்கும், நுரையாத திரவத்துக்கும் மட்டுமே அது செல்லும். பதினான்கில் பதினொரு கட்டங்களை வெறுமையாக விட்டவருக்கு எதன்மீது உத்தரவாதம்? மேலும், உத்தரவாதம் பணத்தைத் திருப்பித் தரலாம். இரண்டு ஆண்டுத் தரவைத் தராது.

குறைந்த விலை விதி நம் கைகளைக் கட்டிவிட்டதே என்றார் இன்னொருவர். இதுதான் எனக்கு மிகவும் எரிச்சல் ஊட்டும் மறுப்பு. 2017ஆம் ஆண்டின் பொது நிதி விதிகளில் 144ஆம் விதியைப் படியுங்கள். வாங்கும் பொருளின் தரம், வகை, அளவு முதலியவை வாங்கும் அமைப்பின் குறிப்பான தேவையை ஒட்டித் தெளிவாக வரையறுக்கப்பட வேண்டும் என்று அது கட்டளையிடுகிறது. குறைந்த விலையை அளக்க வேண்டியது அந்த வரையறைக்கு உட்பட்டவர்களுக்கு இடையில்தான். வரையறையை எழுதும் பேனாவை விதி நம்மிடமே கொடுத்திருக்கிறது. ஒரே வரி எழுதிவிட்டு, அந்த வரிக்கு மலிவான பொருள் வந்தது என்று நிதிப் பிரிவைக் குற்றம் சொல்லுகிறோம். குறிப்பிட்ட நிறுவனத்துக்கென்றே வரையறையை வளைப்பது வேறு குற்றம், அதை நான் ஆதரிக்கவில்லை. நனைதல் வீதத்தையும் விட்ட விகிதத்தையும் சோதனை முறையையும் எழுதுவதில் எவருக்கும் சலுகை இல்லை.

மூன்றாவது, மென்பொருள் சரியென்று சொன்னதே. மென்பொருள் ஒரு கருவி, நானும் நாள்தோறும் பயன்படுத்துகிறேன். ஆனால் அதில் பேக்கிங்கின் பெயரைத் தேர்ந்தெடுத்ததும் திரையில் தோன்றும் எண்கள் எங்கிருந்து வருகின்றன? பல சமயம் அதே உற்பத்தியாளரின் தரவிலிருந்து. விவரத் தாளை மென்பொருளால் சரிபார்த்தேன் என்பது, ஒரே சாட்சியை இருமுறை கூண்டில் ஏற்றுவது. வேறு தோற்றம் கொண்ட ஒரு முறையால், கையாலேனும், ஒருமுறை போட்டுப் பார்த்தால்தான் அது சரிபார்ப்பு.

ஆய்வகத்தில் பிழைத்தால் ஓர் ஆய்வேடு தாமதமாகும், அவ்வளவே. நம்மிடம் படித்து வெளியேறுவோர் வாப்பியிலும் அங்கலேஷ்வரிலும் தஹேஜிலும் நச்சுவாயுக் கழுவு கோபுரங்களுக்கு ஆணை எழுதப் போகிறவர்கள். இங்கே போபாலைச் சொல்வது வழக்கம். நான் கவனத்தோடு சொல்கிறேன். 1984 டிசம்பர் 2–3 இரவில் அங்கிருந்த எரிசோடாக் கழுவு கோபுரம் தோற்றதற்குப் பேக்கிங் தேர்வு காரணமன்று. கோபுரம் தயார்நிலையில் மட்டுமே வைக்கப்பட்டிருந்தது, வந்த வாயுவின் சுமையோ அது வடிவமைக்கப்பட்ட அளவைப் பன்மடங்கு விஞ்சியது. பேக்கிங் விற்பதற்கும் கட்டுரை விற்பதற்கும் அந்தப் பேரழிவைப் பயன்படுத்துவோரை எனக்குப் பிடிக்காது. ஆயினும் ஒரு கோபுரத்தின் முன் நின்று முதலில் கேட்க வேண்டிய கேள்வி, எந்தச் சுமைக்கு இது கணக்கிடப்பட்டது, வரப்போகும் சுமை எது என்பதுதான். என் கோப்பில் அந்தக் கேள்விக்கு உரிய கட்டம் வெறுமையாக இருந்தது.

நம் தேர்வுத் தாள்களை எடுத்துப் பாருங்கள். பேக்கிங்கின் பெயரும் காரணியும் கொடுக்கப்பட்டிருக்கும், விட்டம் காண்க என்றிருக்கும். எந்தப் பேக்கிங் வேண்டும், ஏன் என்ற கேள்வி வராது. உண்மையான ஒரு விவரத் தாளைக் கொடுத்து, இதில் உன் அமைப்புக்குப் பொருந்தாத எண் எது என்று கேட்கும் துணிவு எந்தத் துறைக்கு இருக்கிறது? ஆய்விதழ்களும் இதில் குற்றமற்றவை அல்ல. ‘10 மி.மீ. ராஷிக் வளையங்கள் நிரப்பிய கோபுரம்’ என்ற அளவில் செய்முறைப் பகுதி முடிந்துவிடும். விட்ட விகிதம் இல்லை, நனைதல் வீதம் இல்லை, பகிர்வானில் எத்தனை துளைகள் என்பது இல்லை. தொழிற்கூடக் கோபுரங்களுக்குச் சதுர மீட்டருக்கு 60 முதல் 100 சொட்டுமுனைகள் என்ற விதியை எங்கள் கோபுரத்தில் அப்படியே பொருத்தினால் இரண்டு துளைகள்கூடத் தேறாது. சிறிய கோபுரத்துக்கு அந்த விகிதத்தைவிட மிகப் பல வேண்டும். எங்களிடம் இருந்தது நடுவே ஒரே ஒரு குழாய். பிறருடைய கட்டுரைகளில் எத்தனை இருந்தன என்று எனக்குத் தெரியாது, அவர்கள் எழுதவில்லை. அவர்களோடுதான் என் எண்களை ஒப்பிட்டேன்.

எனவே என் கோரிக்கை இது. கோபுரத்தை வைத்துச் செய்த எந்த ஆய்வேட்டிலும், பேக்கிங் வாங்குமுன் போட்ட கணக்கு பின்னிணைப்பாக இருக்க வேண்டும். கணக்கு இல்லையென்றால் வாய்மொழித் தேர்வில் தேர்வாளர் அதைக் கேட்க வேண்டும். கொள்முதல் குழுவில் கையெழுத்திடும் ஆசிரியர், விலை அட்டவணைக்கு முன் அந்தப் பக்கத்தைப் புரட்ட வேண்டும்.

என் புதிய தேவைக் குறிப்பு நான்கு பக்கங்கள் வந்திருக்கிறது: கம்பிவலைப் பேக்கிங், பல துளைகள் கொண்ட பகிர்வான், நனைதல் கணக்கு, பொருட்சோதனை நிபந்தனை. முதலில் அறிமுகமான ஓர் அமீனையும் அதே கோபுரத்தில் ஓட்டி அடிப்படை அளவை எடுத்துக்கொள்வேன் என்றும் எழுதியிருக்கிறேன். வரும் செவ்வாய்க்கிழமை குழுவின் முன் வைக்கிறேன். இவ்வளவு நீளமாக எழுதினால் யார் படிப்பார்கள் என்று அலுவலகத்தில் இப்போதே கேட்டுவிட்டார்கள். பழைய ஒரு வரிக் குறிப்பையும் அதனோடு சேர்த்துத் தைத்திருக்கிறேன். கணக்குத் தாள் வேண்டுவோர் கருத்துப் பகுதியில் சொல்லுங்கள், அனுப்புகிறேன். அதில் பிழை கண்டால் செவ்வாய்க்கு முன்பே சொல்லிவிடுங்கள்.